ஐந்து இஞ்ச்

மட்டாஞ்சேரிக்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டு வழியாக வரும். மேலிருந்து வந்தால் மழை. அதைப் பற்றி அங்கே யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். கீழிருந்து வந்தால் வேலியேற்றம், கடல் ஓதம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் விடிவதற்கு முன்னால் காயல் பெருகி, கால்வாய் நிறைந்து, சாக்கடை வழியாகவே தெருவுக்குள் ஏறி வந்துவிடும். வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. வெயில் பளிச்சென்று அடிக்கும். வாசலில் மட்டும் உப்புத்தண்ணீர் நிற்கும். ஒன்பது மணிவாக்கில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வடிந்து போகும்.

யூசுப்பின் வீடு கால்வாயை ஒட்டிய சந்தில் கடைசி வீடு. சந்து திரும்புகிற முக்கில் ரோடு உள்வாங்கிக் கிடப்பதால் அங்கே மட்டும் தண்ணீர் முழங்கால் வரைக்கும் வரும். ஆட்டோக்காரர்கள் அந்த முக்கைப் பார்த்ததும் கையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். யூசுப்புக்கோ செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு எறணாகுளத்தில் டயாலிசிஸ். அதாவது தண்ணீர் நிற்கிற நேரத்தில்தான் அவர் வீட்டைவிட்டு இறங்கியாக வேண்டும்.

வண்டி இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பழைய டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம். முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் இரும்புத் தகடுகளை அடுக்கிய பட்டை. யூசுப் பதினெட்டு வருஷம் அதில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மூணாறுக்கும் தேக்கடிக்கும் ஓடியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு சாவியை அவர் மனைவி உமைரா வாங்கிக்கொண்டாள். நாற்பத்தொன்பது வயதில் ஓட்டப் பழகினாள். மூன்று வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள். பாலத்தில் பஸ்காரன் ஹாரன் அடித்தால் இவளும் திருப்பி அடிப்பாள்.

யூசுப்பின் தம்பி மஜீத்துக்குப் பள்ளுருத்தி போகிற ரோட்டில் ஒர்க்‌ஷாப். ஸ்பிரிங், பட்டை, ஷாக் அப்சார்பர் வேலை மட்டும். இஞ்சின் பக்கம் போக மாட்டான். மூன்று தலைமுறைக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து மிளகு வியாபாரத்துக்கு வந்த ராவுத்தர் குடும்பம் அது. மிளகு என்றைக்கோ கைவிட்டுப் போனது. தமிழ் மட்டும் வீட்டுக்குள் பாதி மிச்சம் இருந்தது.

நவம்பரில் ஒரு நாள் மஜீத் அண்ணன் வீட்டுக்குப் போனபோது மதில்மேல் வண்டியின் கால்மிதிகள் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. உமைரா உப்பு பூத்த கதவடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சி, உள்ள வந்திருச்சா?" என்று கேட்டான். அண்ணன் மனைவியை அந்த வீடுகளில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இன்னிக்கு ஒரு இஞ்ச் உள்ள ஏறிருச்சு, மஜீதே. இவரோட செருப்பு மெதக்குது. காலத் தூக்கி சீட்டுல வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நோயாளிய கொண்டு போற மாதிரியா இருக்கு? தோணியில போற மாதிரி இருக்கு."

"நான் வண்டியத் தூக்கித் தாறேன் மச்சி."

உமைரா துணியைக் கீழே வைத்தாள். மூன்று வருஷத்தில் அந்த வீட்டுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் நிறைய வந்திருக்கின்றன. கேட்காமல் ஒருவன் வந்து இதைச் செய்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மஜீத் அதைப் பார்த்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி குனிந்து பின்பட்டையைத் தட்டிப் பார்த்தான்.

ஏனென்றால் அவன் மனதில் வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளைக்கு முன்னால் களமசேரியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். காடு மேடெல்லாம் வண்டி ஏற்றுகிற கூட்டம். இதே மாடல் பழைய வண்டி வைத்திருக்கிறார்கள். சரக்கு ஏற்றுகிற பிக்கப் வண்டியின் பட்டையை இதில் பொருத்தினால் ஐந்து இஞ்ச் தூக்கலாமாமே, செய்து தருவீர்களா என்று கேட்டார்கள். மஜீத் செய்ததில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ரெண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவைத்தான். வந்தவன் வண்டியில் பழகிப் பார்க்க முடியாது. அண்ணன் வண்டியில் முடியும்.

அண்ணனுக்கு உதவுகிற மனசு அவனுக்கு இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் அந்த மனசு இரண்டு இஞ்சோடு நின்றிருக்கும். மதிலில் உப்பு படிந்த கோட்டையும் வண்டியின் கதவடியையும் அவன் டேப் பிடித்து அளந்தான். இரண்டு இஞ்ச் தூக்கினால் போதும், தண்ணீர் கீழேயே நின்றுவிடும். இருக்கிற பட்டையைத் தாங்குகிற தொங்கலைக் கொஞ்சம் நீளமாகப் போட்டு, முன் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ரப்பர் வளையம் கொடுத்தால் ஒரு நாள் வேலை. மிச்சம் மூன்று இஞ்ச் களமசேரிக்காரர்களுக்காக.

களமசேரியில் பழைய வண்டி உடைக்கிற அழகரின் கடைக்குப் போய் பிக்கப்பின் பட்டைக்கட்டு இரண்டு எடுத்தான். அழகர் உசிலம்பட்டிக்காரன், வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எந்த வண்டியின் எலும்பு எந்தக் குவியலில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

"எந்த வண்டிக்குண்ணே?" என்று கேட்டான்.

"அண்ணன் வண்டிக்கு."

"லோடு அடிக்கிறாரா?"

"இல்லடா. ஆஸ்பத்திரிக்குப் போக வர."

அழகர் பட்டையைத் தூக்கித் தராசுப் பக்கம் போட்டுவிட்டு ஒரு தடவை மஜீத்தைப் பார்த்தான். "இது ஒரு டன்னு ஏத்துனாத்தாண்ணே கொஞ்சம் வளையும்" என்றான். வியாபாரி, அதற்குமேல் பேசவில்லை.

வேலை அருமையாக அமைந்தது. அதில் சந்தேகமே இல்லை. இரண்டு நாள் மஜீத் சாயா குடிக்கக்கூட வெளியே போகவில்லை. பழைய பட்டைகளைக் கழற்றி, பிக்கப் பட்டையின் கண்ணுக்குப் புதிய புஷ் அடித்து ஏற்றினான். யூ போல்ட்டை நீளமாகப் போட்டான். முன்னால் வேறொரு கனமான வண்டியின் சுருள் ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தான். ஷாக்கை மாற்றினான். வீல் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடும் என்று அதையும் நீளமானதாக மாற்றினான். ஒரு கிரீச் சத்தம் இல்லை. வண்டி இறங்கி நின்றபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மஜீத் நாலு பக்கமும் படம் எடுத்தான். அன்றைக்கே களமசேரிக்கு அனுப்பினான். கழற்றிய பழைய பட்டைகளை அழகரின் ஆள் வந்து எடுத்துப் போனான்.

யூசுப் வாசலில் நின்று வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆனையில்லயாடா இது!" என்றார்.

"தண்ணி இனி தொடாதுண்ணே."

"தொடாது, தொடாது" என்று சிரித்தார். உமைரா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஒரு மாதத்தில் மஜீத்துக்கு அதே மாதிரி நாலு வண்டி வந்தது. ஆலுவாவிலிருந்துகூட ஒருத்தர் வந்தார். அண்ணன் வீட்டுப் பக்கம் போக நேரமில்லை. ஒரே ஒரு முறை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தபோது, வண்டியின் பின்கதவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அதன்மேல் மீன்பெட்டிப் பலகை ஒன்றை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். எதற்கென்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

டிசம்பர் கடைசியில், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு உமைரா போன் செய்தாள். யூசுப்புக்கு மூச்சு வாங்குகிறது, கால் முகமெல்லாம் வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்றாள்.

மஜீத் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு பைக்கில் பறந்தான். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே தன்யா என்கிற நர்ஸ் வந்தாள். மூன்று வருஷமாக யூசுப்பை மாமனாரைப் போலப் பார்த்துக்கொள்கிறவள். கோபத்தில் மலையாளம் படபடவென்று வந்தது.

"நிங்ஙள் அனியனல்லே? ரெண்டு ஆழ்ச்சயில் மூணு டயாலிசிஸ் மிஸ்ஸாயி. மூணு! வெள்ளம் முழுவன் நெஞ்சில் கேறி. வீட்டில் ஆருமில்லே கொண்டுவரான்?"

தம்பிதானே நீங்கள், இரண்டு வாரத்தில் மூன்று தவறிவிட்டது, உடம்பில் நீர் ஏறி நெஞ்சுவரை வந்துவிட்டது, கூட்டி வர வீட்டில் ஆளில்லையா என்று கேட்கிறாள். மஜீத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டிதான் இருக்கிறதே. உமைராவைப் பார்த்தான். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"ஏன் மச்சி வரல? வண்டி கம்ப்ளெயின்ட்டா?"

"வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல."

"பின்னே?"

"நீ சாயா குடிச்சியா?"

"மச்சி, சொல்லுங்க."

 குற்றம் செய்தவளே தான்தான் என்கிற மாதிரி உமைரா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவரால ஏற முடியல, மஜீதே. இடது கையிலதானே ஊசி போடுற எடம். அந்தக் கையால கனம் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாதுன்னு தன்யா சொல்லிருக்கு. பின்சீட்டுல ஏறணும்னா பிடி அந்தப் பக்கம்தான் இருக்கு. ஸ்டூல் வச்சுப் பாத்தோம். நான் பின்னாலேருந்து தள்ளுவேன், அவரு பல்லைக் கடிச்சிட்டு அந்தக் கையால இழுப்பாரு. ஒரு நாளு அந்த எடம் வீங்கிப் போச்சு."

"எறக்கும்போது?"

"அது ஏறுறதவிட கஷ்டம். டயாலிசிஸ் முடிஞ்சா அவருக்கு எலும்பு எல்லாம் நோவும். வண்டி ஒரு குழியில விழுந்தா ஆளு சீட்டுலேருந்து எழும்பி விழுவாரு. பாலம் எறங்கும்போது வாந்தி. அதனால தண்ணி இல்லாத நாளு ஆட்டோவுல போயிட்டோம். தண்ணி நிக்குற நாளு ஆட்டோ உள்ள வராது. அப்ப, இன்னிக்கு வேணாம் ஒமைரா, அடுத்ததுக்குப் போலாம்னு படுத்துக்குவாரு."

"என்கிட்ட ஒரு வாக்கு சொல்லக்கூடாதா?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவன் ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம ஆசையா செஞ்சது, நோவுதுன்னு சொன்னா சங்கடப்படுவான்னாரு."

மஜீத் அங்கே கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தான். தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று அளந்தவன், அண்ணன் கால் எவ்வளவு உயரம் எழும்பும் என்று அளக்கவில்லை. அதுகூடக் கவனப்பிசகு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மூன்று இஞ்ச் கவனப்பிசகு இல்லை. அது தெரிந்தே வைத்தது. அவனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி சகீலாவிடம் நடந்ததைச் சொன்னான். மூன்று இஞ்சை மட்டும் சொல்லவில்லை. அவள் மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். கடைசி மீனையும் கழுவி உப்பு போட்டுப் பிசறிவிட்டுத்தான் பேசினாள்.

"ஏங்க, அந்தக் களமசேரிக்காரங்களுக்கு அனுப்புன படம், அது யாரு வண்டி?"

"அண்ணன் வண்டிதான்."

"அவங்க கேட்டதுக்கு அப்புறம் தூக்குனதா, அதுக்கு முன்னாடியா?"

மஜீத் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சகீலாவும் திரும்பக் கேட்கவில்லை. பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த அளவு போதும். கையைக் கழுவிக்கொண்டே, "அவரு ஆஸ்பத்திரியிலேருந்து வர்றதுக்குள்ள எறக்கிருங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குச் சோறு போட்டபோது அவனுக்கு எதிரில் உட்காராமல் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே மஜீத் அழகரின் கடையில் போய் நின்றான்.

"அழகரே, அண்ணன் வண்டியில கழத்துன பழைய பட்டை இருக்கா?"

"ஒரு பக்கம் கெடக்கு. இன்னொரு பக்கம் போன வாரமே போயிருச்சுண்ணே. என்னாச்சு?"

"எறக்கணும்."

"ஒடம்புக்குத் தூக்கிப் போடுதா?"

மஜீத் தலையை ஆட்டினான். அழகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான்.

"நான் அன்னைக்கே நெனச்சேண்ணே. சொல்லியிருக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போற ஆளுக்கு ஒரு டன்னு பட்டையான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க பெரிய மேஸ்திரி, ஒங்களுக்கு நான் என்னத்த சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்டா" என்றான் மஜீத். உண்மையைச் சொல்ல அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த ஒரே ஆள் அழகர்தான். அவனிடமும் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

இரண்டு பேரும் குவியல் குவியலாகத் தேடினார்கள். மதியம் வரைக்கும் வெயிலில் துருவும் கிரீஸும் அப்பிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அதே மாடல் வண்டி ஒன்று அகப்பட்டது. ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி ஓடியது. சீட்டுக்கு அடியில் ஒரு பென்சில் பெட்டி இன்னமும் கிடந்தது. பட்டைமேல் ஏறி நின்று அழகர் குதித்துப் பார்த்தான். மெத்தென்று அமுங்கி எழுந்தது.

"இதாண்ணே. புள்ளைக ஒக்காந்து போன பட்டை. பக்குவமா இருக்கும்."

வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் போக முழு நாளும் மஜீத் ஒற்றை ஆளாக வேலை பார்த்தான். தான் இறுக்கிய யூ போல்ட்டைத் தானே கழற்றினான். பள்ளிக்கூட வண்டியின் பட்டையைக் கழுவி, தகட்டுக்குத் தகடு கிரீஸ் தடவி ஏற்றினான். தொங்கலை மாற்றி இரண்டே இஞ்ச் தூக்கினான். முன்பக்கம் பழைய ஸ்பிரிங்குக்கு ஈடாக அதே பள்ளிக்கூட வண்டியின் ஸ்பிரிங்கை வைத்து ரப்பர் வளையம் கொடுத்தான். பின்கதவுக்குக் கீழே அகலமான கால்படி ஒன்றை வெல்டிங் வைத்தான். வலது கைக்கு எட்டுகிற மாதிரி சீட்டுப் பக்கத்தில் ஒரு பிடி பொருத்தினான். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தானே பத்துத் தடவை ஏறி இறங்கிப் பார்த்தான். பக்கத்து டீக்கடைக்காரர் இவனுக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை யூசுப்பை வீட்டுக்கு அனுப்பினார்கள். மஜீத்தான் வண்டியைக் கொண்டுபோனான். யூசுப் படியில் கால் வைத்து, வலது கையால் பிடியைப் பிடித்து, ஒரு மூச்சில் ஏறி உட்கார்ந்தார். உமைரா மருந்து வாங்க ஆஸ்பத்திரி மருந்துக்கடை வரிசையில் நின்றாள். அண்ணனும் தம்பியும் மட்டும் வண்டிக்குள் இருந்தார்கள்.

யூசுப் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு தரம் உடம்பை அமுக்கிப் பார்த்தார்.

"பட்டை மாத்திட்டியா?"

"ஆமாண்ணே."

"நல்லாருக்கு. மொதல்ல வச்சது பிக்கப்போடது இல்லே?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"பதினெட்டு வருஷம் இதுல ஒக்காந்தவனுக்குத் தெரியாதாடா? மொதல் குழியிலயே தெரிஞ்சு போச்சு. சாரமில்ல, விடு. ஒனக்கு அளவு தப்பிப் போச்சு. தொழில்னா தப்பும்."

அத்தோடு விட்டிருக்கலாம். அண்ணனே தப்பிக்க வழி விட்டுக் கொடுத்துவிட்டார். மஜீத்தால் முடியவில்லை.

"அளவு தப்பலண்ணே. ரெண்டு இஞ்ச் போதும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். களமசேரியிலேருந்து ரெண்டு பேரு இதே வேலைக்கு வந்திருந்தாங்க. எனக்குப் பழக்கமில்ல. ஒங்க வண்டியில செஞ்சு பாத்தேன். ஒங்களுக்காகன்னு சொல்லி, எனக்காகச் செஞ்சேன்."

 இது யூசுப்புக்கு அதுவரை தெரியாது. முகத்தில் திகைப்பு அப்படியே இருந்தது. பிறகு அது மெல்லப் போய், வேறொன்று வந்து உட்கார்ந்தது. இடது கையில் ஊசி போட்டுப் புடைத்த இடத்தை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று மஜீத் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினான்.

"இத ஒமைராகிட்ட சொன்னியா?"

"இல்ல. இன்னிக்குச் சொல்லணும். கால்ல விழுந்தாவது சொல்லிருவேன்."

"சொல்லாத."

"அண்ணே..."

"சொல்லாதன்னேன். வார்டுல ஒவ்வொரு பெட்டா போயி, எங்க கொழுந்தன் கேக்காமலே வண்டியத் தூக்கித் தந்தான்னு சொல்லிட்டு நடக்குறா. மூணு வருஷமா அவ ஒத்தைக்கு என்னைய இழுத்துட்டு அலையுறா, மஜீதே. நமக்கும் ஆளு இருக்குன்னு அவளுக்குத் தோணுனது இந்த ஒரு கார்யத்துலதான். அதையும் நீ எடுத்திராத."

"அப்ப நான் என்ன செய்யுறது?"

"அத நீயே வச்சுக்க."

உமைரா மருந்துப் பையோடு வந்து கதவைத் திறந்தாள். புதுப் படியைப் பார்த்தாள். பிடியைப் பார்த்தாள். அதைத் தொட்டுத் தடவிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். பாலம் இறங்கும்போது யூசுப் வாந்தி எடுக்கவில்லை. அவள் வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் சகீலா முன்னதாகவே வந்து அடுப்பை மூட்டியிருந்தாள். கப்பைக்கிழங்கு வெந்திருந்தது, அயிலைக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. யூசுப்புக்கு மட்டும் உப்பில்லாத கஞ்சி. சாப்பிட உட்கார்ந்ததும் உமைரா எல்லாரையும் விட்டுவிட்டு மஜீத்தின் தட்டுக்குத்தான் முதலில் கறி ஊற்றினாள்.

"ஒரே வேலைய எங்களுக்காக ரெண்டு தடவ செஞ்சிருக்க. என் கூடப் பொறந்தவனுங்க மூணு பேரு இருக்கானுங்க, ஒருத்தனும் இப்படிச் செய்ய மாட்டான்" என்றாள். "ஒனக்குத் தெரியாது, மஜீதே. அஞ்சு வக்துத் தொழுகையிலயும் மொதல்ல ஒனக்குத்தான் துஆ கேக்குறேன். இவருக்குக்கூட அதுக்கப்புறம்தான்."

"எனக்கு எதுக்கு மச்சி? அண்ணனுக்குக் கேளுங்க."

"அவருக்குக் கேக்க ஊரெல்லாம் ஆளு இருக்கு. ஒனக்கு யாரு இருக்கா?"

சகீலா கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றாள். யூசுப் தலை நிமிராமல் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தார். உமைரா சட்டிக்குள் தேடி, இருந்ததிலேயே பெரிய துண்டு மீனை எடுத்து மஜீத்தின் தட்டில் வைத்து, "தின்னு" என்றாள்.

மஜீத் அதையும் தின்றான்.